முப்பத்தெட்டாம் எண் வெடிப்பு

மேட்டு நகரத்துக்கும் பள்ளத்து நகரத்துக்கும் நடுவே இருந்த எல்லைக்கோட்டின் அகலம் பத்தொன்பது அடி. கோடு என்றால் மெல்லிசாகத்தான் இருக்கும் என்று நினைப்பவர்கள் அரசாங்கக் காகிதத்தைக் கண்ணால் பார்க்காதவர்கள்.

நூற்றுப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு நகரத்துப் பெரிய மனிதர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, மலையடிவாரத்திலிருந்து இரண்டாயிரம் அடி தள்ளி எல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு அவரவர் அடிக்கோலை எடுத்துக்கொண்டு அளக்கப் போனார்கள். மேட்டு நகரத்துக் கோல் பள்ளத்து நகரத்துக் கோலைவிட ஒரு தானியமணி அகலம் நீளம். முந்தின வாரம்தான் அதைப் புதிதாகச் செய்து வைத்தார்கள் என்று பள்ளத்துக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். பள்ளத்துக் கோலின் நுனியை வேண்டுமென்றே தேய்த்துவிட்டார்கள் என்பது மேட்டுக்காரர்கள் கட்சி. ஒரு தானியமணி, இரண்டாயிரம் தடவை விழுந்தபோது பத்தொன்பது அடியாகியிருந்தது. அந்தப் பத்தொன்பது அடிக்கு ‘இழுபறி’ என்று பெயர் விழுந்தது.

இழுபறியில் ஒருகாலத்தில் பதினாறு வீடுகள் இருந்தன. இப்போது ஒன்றுதான். அது கொத்தனார் வீடு. மற்றதையெல்லாம் யாரும் இடிக்கவில்லை, இடிக்க அனுமதியில்லை. கட்டவும் அனுமதியில்லை. தீர்ப்பு வரும்வரை இழுபறியில் ஒரு செங்கல்லைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று ஓர் உத்தரவு உண்டு. ‘இருக்கும் நிலை உத்தரவு’ என்று அதைச் சொல்வார்கள். அந்த உத்தரவை மதித்து அந்த வீடுகள் ஒவ்வொன்றாகத் தாமாகவே உட்கார்ந்துவிட்டன.

தகராறைத் தீர்ப்பதற்கென்று இரு நகரங்களும் சேர்ந்து வைத்தது எல்லை இணக்க ஆணையம். இரண்டு முன்வாசல், இரண்டு சுவர்க்கடிகாரம், நடுக்கூடத்து மேசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்த சிவப்புப் பட்டை. மேட்டு நகரத்தில் இரும்புப் பட்டறை மூடிவிட்டது. பள்ளத்து நகரத்தில் நூல் ஆலை மூடிவிட்டது. ஆணையம் மட்டும் மாடிமேல் மாடியாக வளர்ந்தது. இரண்டாவது மாடியைக் கட்டியது நம் கொத்தனார்தான். இரண்டு நகரத்திலும் அவர் கை படாத தெரு குறைவு. தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒரு கண்ணை மூடினாரென்றால் சுவர் தானாக நிமிர்ந்துகொள்ளும் என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள். சொந்தச் சுவரை மட்டும் அவர் தொடக் கூடாது.

அவர் மனைவி சித்தாள். முப்பது வருஷமாகப் புருஷன் கட்டும் சுவருக்குத் தலையில் கலவை சுமந்தவள். பள்ளத்து நகரத்தில் ஒரு கிடங்கு வேலையில், சாரத்துப் பலகை உருண்டு, சட்டியோடு கீழே வந்தாள். இடுப்புக்குக் கீழே தொடையெலும்பு முறிந்துவிட்டது.

பள்ளத்து நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நல்ல மனிதர். படம் எடுத்து, காலை நேராக்கி, பட்டை சுற்றி, கயிறு கட்டி, கயிற்று முனையில் எடை தொங்கவிடச் சொன்னார். அதற்குள் சேர்க்கை மேசையிலிருந்த அம்மாள் முகவரி கேட்டுவிட்டாள்.

“இழுபறி” என்றார் கொத்தனார்.

அவள் பேனாவை மூடினாள். “இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? நாங்க சேர்த்துக்க முடியாது.”

“ஏம்மா, அந்த எடம் உங்களுதுன்னுதானே நூறு வருஷமா கேஸ் நடத்துறீங்க?”

“எடம் எங்களுதுதான். அதுல குடியிருக்கறவங்க மேட்டுக்காரங்க. ஆக்கிரமிச்சு உக்காந்தவங்க. எங்க தரப்பு மனுவே அப்படித்தான் இருக்கு. உங்கள நான் இங்க சேர்த்தா நாளைக்குக் கோர்ட்டுல நான்தான் நிக்கணும்.”

மேட்டு நகரத்து ஆஸ்பத்திரியிலும் சேர்க்கை மேசை ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர் ஆண். இடம் தங்களுடையது, குடியிருப்பவர்கள் பள்ளத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் மனு. மற்றபடி பேச்சில் வித்தியாசமில்லை.

பள்ளத்து ஆஸ்பத்திரி டாக்டர்தான் வழி சொல்லி அனுப்பியிருந்தார். இரும்புக் கட்டிலின் கால்மாட்டை உயர்த்தி வைக்க வேண்டும். கயிற்றைக் கட்டில் கம்பிமேல் போட்டு முனையில் இரண்டு செங்கல் தொங்கவிட வேண்டும். ஆறு வாரம் அசையக் கூடாது.

“அசைஞ்சா?” என்று கேட்டார் கொத்தனார்.

“எலும்பு ஒண்ணுமேல ஒண்ணு ஏறி உக்காந்துக்கும். அப்புறம் ஆயுசுக்கும் கால் குட்டை. சுமை தூக்க முடியாது. நடக்கறதே கஷ்டம்.”

வீட்டில் இரண்டே அறை. முன்னறை அடுப்புக்கும் பாத்திரத்துக்குமே போதாது. பின்னறையில் கட்டிலைப் போட்டால் சுற்றி ஓர் ஆள் ஒருக்களித்து நிற்கத்தான் இடம். கட்டிலுக்கு மேற்கே இருந்த சுவரில்தான் முப்பத்தெட்டாம் எண் வெடிப்பு இருந்தது.

எண் போட்டது ஆணையம். இழுபறியில் இருக்கும் எல்லாவற்றுக்கும் எண் உண்டு. கதவு, சன்னல், படி, வெடிப்பு எல்லாம் அளவுப் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். மற்ற முப்பத்தேழு வெடிப்புகளும் அவற்றின் சுவர்களோடு போய்விட்டன. இது ஒன்று மிச்சம். கூரைக்கு ஒரு முழம் கீழே தொடங்கி, நடுவில் ஒரு கிளை விட்டு, இடுப்பு உயரத்துக்கு இறங்கும். கொத்தனார் கல்யாணமாகி வந்தபோது அதில் நகம் நுழையும். இப்போது மூன்று விரல் நுழைந்தது.

முதல் வாரம் அவர் அதைப் பார்க்காததுபோல் இருந்தார். மனைவி மல்லாந்து கிடந்தபடி அதையேதான் பார்த்தாள். அவளுக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை.

“ஏய்யா, வெளியில சைக்கிள் போறது தெரியுதுய்யா இதுல.”

“எந்தப் பக்கம் போறான்?”

“சக்கரம் மட்டும்தான் தெரியுது. ஆளத் தெரியல. இன்னும் ஒரு விரக்கடை விட்டுச்சுன்னா ஆளையும் பாத்துடலாம்.”

அவள் சிரித்தாள். கால் வலித்ததால் பாதியில் நிறுத்திக்கொண்டாள். அன்று கொத்தனார் தூக்குக்குண்டை எடுத்துச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். ஒரு கண்ணை மூடினார். அடியில் குண்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை விரல் இடைவெளி. சுவர் உள்பக்கமாக, கட்டில் பக்கமாகத் தலையைக் கொடுத்துக்கொண்டிருந்தது.

“எவ்ளோ?” என்றாள்.

“ஒண்ணுமில்ல.”

“முப்பது வருஷம் உங்கூடக் கல்லு தூக்கினவ நான். எங்கிட்டயே ஒண்ணுமில்லேங்கறே.”

ஆறு வாரம் அந்தச் சுவர் நின்றாக வேண்டும். அவ்வளவுதான் விஷயம். இதில் நகரமும் இல்லை, எல்லையும் இல்லை. ஒரு சுவர், ஆறு வாரம்.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகலில், அவர் ஒரு சட்டி கலவை குழைத்தார். வெடிப்பைக் கழுவி, சில்லுக் கல் அடைத்து, கரணையால் இழுத்துப் பூசினார். தையல் தெரியாத தையல். கடைசியில் நார்மட்டையால் தடவி, பழைய பூச்சின் நிறம் வருவதற்குக் கொஞ்சம் மண்ணும் கரைத்து அடித்தார். கட்டிலில் கிடந்தபடி அவள்தான் மேற்பார்வை. “கெளையில இன்னும் கொஞ்சம் திணி. ஓசி வேலைன்னு ஏமாத்தாதே.” இருவரும் அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார்கள்.

திங்கட்கிழமை ஆணையத்து அளவர் அளவுப் புத்தகத்தோடு வந்தார். ஒவ்வொரு திங்களும் வருவார். பின்னறைக்குள் நுழைந்தவர் சுவரைப் பார்த்தார், புத்தகத்தைப் பார்த்தார், மறுபடி சுவரைப் பார்த்தார்.

“முப்பத்தெட்டு எங்க?”

கொத்தனார் தூக்குக்குண்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“போன திங்கள் இருந்துச்சே, அம்மா. நீங்களாச்சும் சொல்லுங்க. எங்க போச்சு?”

“கால் முளைச்சுப் போயிடுச்சு சார். எனக்குத்தான் எந்திரிச்சுத் தேட முடியல” என்றாள் அவள்.

சாயங்காலமே நோட்டீஸ் வந்தது. பொருள்: ‘முப்பத்தெட்டாம் எண் வெடிப்பு காணாமற்போனது குறித்து.’

விசாரணை நடுக்கூடத்தில் நடந்தது. சிவப்புப் பட்டைமேல் கொத்தனாருக்கு நாற்காலி போட்டார்கள். இடப்பக்கக் காலிரண்டு மேட்டு நகரத்திலும் வலப்பக்கக் காலிரண்டு பள்ளத்து நகரத்திலும் இருக்கும்படி ஒருவர் குனிந்து சரிசெய்தார். எதிரே ஆணையத் தலைவர். வெள்ளைச் சட்டை, மெதுவான பேச்சு.

“கொத்தனாரே, உங்க மேல எனக்கு மரியாதை உண்டு. இந்தக் கட்டடத்து ரெண்டாவது மாடி நீங்க போட்டதுதானே? நல்ல சுவர். மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாய்ஞ்சா முதுகுக்குச் சில்லுனு இருக்கு. ஆனா நீங்க பண்ணது சரியா? நீங்க அதை வெடிப்புன்னு நெனைக்கிறீங்க. நாங்க அப்படி நெனைக்கலை. அது ஆதாரம். நாளைக்குத் தீர்ப்பு சொல்ல ஒருத்தர் வந்தா, இந்தாங்க, இப்படித்தான் இருந்துச்சுன்னு காட்ட எங்ககிட்ட மிச்சமிருக்கறது அது ஒண்ணுதான்.”

“எப்பங்க வருவாரு?”

“யாரு?”

“தீர்ப்பு சொல்றவரு.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படவில்லை. கூட்டங்களில் பேசிப் பழகியவர். சொல்லவேண்டியதை உருக்கமாகச் சொன்னார்.

“நான் இங்க எழுத்தராச் சேர்ந்தவன். எங்கப்பா இதே ஆபீஸ்ல அடிக்கோல் காப்பாளர். கோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைச்சு வெக்கிற வேலை. ஓய்வு பெறுற வரைக்கும் அதை வெச்சு ஒரு தடவைகூட அளந்ததில்ல, அவ்ளோ நேர்மை. என் மருமகன் மூணாவது மாடியில இருக்கான். முன்னூத்திப் பத்துக் குடும்பம் இந்தக் கட்டடத்துல சாப்பிடுது. பட்டறை போச்சு, ஆலை போச்சு. ரெண்டு ஊருக்கும் சேர்த்து மிச்சம் இருக்கறது இந்தத் தகராறுதான். எல்லாரும் தீர்ப்பு தீர்ப்புங்கறீங்க. வந்துட்டா நாங்கல்லாம் எங்க போறது? அதை ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? உங்களுக்கு அது ஒரு சுவர். எங்களுக்கு அது வாழ்க்கை.”

கூடத்தில் இரு பக்கமும் கை தட்டினார்கள். இரண்டு நகரமும் ஒன்றாகக் கை தட்டுவது அந்தக் கூடத்தில் அரிது என்று குறிப்பு எழுதுகிறவர் எழுதிக்கொண்டார்.

“எம் பொண்டாட்டி அந்தச் சுவருக்குக் கீழதாங்க படுத்திருக்கா” என்றார் கொத்தனார்.

“தெரியும். அவங்க சீக்கிரம் எந்திரிக்கணும்னு ஆணையம் சார்புல வாழ்த்துறேன்.”

உத்தரவு ஒரு பக்கம்தான். ஏழு நாளைக்குள் முப்பத்தெட்டாம் எண் வெடிப்பை அளவுப் புத்தகத்தில் உள்ளபடி, அதே இடத்தில், அதே நீள அகல ஆழத்தில், சொந்தச் செலவில் மீண்டும் உண்டாக்க வேண்டும். தவறினால் வீட்டைப் பூட்டி முத்திரை வைக்கப்படும்.

பூட்டினால் கட்டில் வெளியே போக வேண்டும். கட்டில் போனால் கால் போனது. கொத்தனார் உளியை எடுத்தார்.

ஒரு கொத்தனாரைப் போய் வெடிப்பு செய்யச் சொல்வதில் இருக்கிற கேவலத்தை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேலை என்று கையில் எடுத்தால் அவருக்கு அரைகுறையாகச் செய்யத் தெரியாது. புத்தகத்துப் படத்தின் நகலைச் சுவரில் ஒட்டி, கரியால் கோடு வரைந்து, உளியால் மெல்ல மெல்லக் கொத்தினார். கிளை வந்தது. கிளையின் வளைவும் வந்தது. அளவர் பக்கத்தில் நின்று விரலால் தடவிப் பார்த்து, “அச்சு அசல்” என்றார். மேலதிகாரிக்கு என்ன காட்டுவது என்ற பயம் நீங்கி முகம் தெளிந்தது. பிறகு குனிந்தார்.

“கீழ இது?”

படத்தில் வெடிப்பு முடியும் இடத்துக்குக் கீழே, தரையை ஒட்டி, ஒரு பெரிய கறுப்பு வட்டம் இருந்தது.

“அது மைங்க. வரைஞ்சவரு கை தவறிச் சிந்தியிருக்காரு.”

“மையா, ஓட்டையான்னு நான் எப்படி முடிவு பண்றது? புத்தகத்துல இருக்கு. சுவத்துல இல்ல.”

“எப்பவுமே இருந்ததில்ல சார். எனக்குத் தெரியாதா எஞ்சுவரு?”

“கொத்தனாரே, நான் உங்கள நம்புறேன். ஆனா உங்க பேச்சுக்குப் பக்க எண் இல்ல.”

“அடிக்கல்லு சார் அது. அந்த எடத்துல கை வெச்சா மேல இருக்கற பாரமெல்லாம்...”

“படத்துல ஒன்பது அங்குல விட்டம்” என்றார் அளவர், புத்தகத்துப் பக்கத்தை மட்டும் பார்த்து.

கட்டிலிலிருந்து அவள் சொன்னாள்: “நல்லவேளை, வரையும்போது அந்தாளு டீயைக் கொட்டல. மொத்தச் சுவரையும் எடுத்திருக்கணும்.”

கொத்தனார் அடியில் மூன்று செங்கற்களை உருவினார். உருவும்போது மேலே எங்கோ சுவர் ஒருமுறை மூச்சு விட்டதுபோல ஒரு சத்தம். அது அவருக்கும் அவளுக்கும் மட்டும் கேட்டது. அளவர் நற்சான்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

வெடிப்பு மறுபடி காணாமல் போய்விடக் கூடாதல்லவா. அதற்காக இரண்டு கண்காணிப்பாளர்களை நியமித்தார்கள். மேட்டு நகரத்துக்கு ஒருவர், பள்ளத்து நகரத்துக்கு ஒருவர். காலை பத்து மணிக்கு அவரவர் மடக்கு நாற்காலியோடு வருவார்கள். முன்னறைக்கும் பின்னறைக்கும் நடுவே நிலைப்படிக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்வார்கள். சுவர் விழுந்தால் தங்கள்மேல் படாத தூரம் அது. அதை மட்டும் யாரும் சொல்லாமலே சரியாக அளந்திருந்தார்கள். மணிக்கு ஒருமுறை ஒரு நீளக் குச்சியில் அளவுகோலைக் கட்டி நீட்டி வெடிப்பை அளப்பார்கள். அவரவர் நகரத்து அளவுகோல். ஒரே வெடிப்புக்கு எப்போதும் இரண்டு அகலம் வந்தது. அளந்து முடிந்ததும் ஒருவர் எழுதியதை மற்றவர் மறுத்துக் கையெழுத்துப் போடுவார். பிறகு இருவரும் சேர்ந்து வெற்றிலைப் பெட்டியைத் திறந்தாற்போல நிம்மதியாகத் தங்கள் முழங்கால் வலியைப் பற்றிப் பேசுவார்கள்.

“ஏன் சார், என்ன வேலைக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வருவீங்க?” என்று ஒருநாள் அவள் கேட்டாள்.

மேட்டுக்காரர் சங்கடமாக நெளிந்தார். பள்ளத்துக்காரர்தான் பதில் சொன்னார். “வெளி வேலைன்னு சொல்லுவேன்மா. மேல கேட்டா, ரகசியம்னு சொல்லிடுவேன்.”

நான்காவது வாரம் மழை பிடித்துக்கொண்டது. வெடிப்பில் தண்ணீர் வழிந்தது. அடியில் செங்கல் உருவிய ஓட்டையில் சுவரின் மண் கரைந்து பழுப்பாக ஓடியது. மூன்று விரல் நுழைந்த இடத்தில் கை நுழைந்தது. ஆளையும் பார்க்க முடிந்தது.

“சார், பெருசாகுதே. இது மட்டும் மாத்தம் இல்லையா?” என்று கொத்தனார் கேட்டார்.

“மாத்தம்தான்” என்றார் மேட்டுக்காரர். “ஆனா மனுஷன் பண்ணலையே. இயற்கை. உத்தரவு இயற்கைய ஒண்ணும் சொல்லலை.”

“அப்ப நான் ஒரு முட்டுக் கட்டை வெச்சா?”

“அது மனுஷன் பண்றது.”

அவள் கூரையைப் பார்த்தபடி சொன்னாள்: “இதுகூடப் புரியலையாய்யா உனக்கு? சுவரு தானா விழுந்தாத் தப்பில்ல. நாம தாங்கிப் பிடிச்சாத்தான் தப்பு.”

கண்காணிப்பாளர்கள் இருவரும் தலையாட்டினார்கள். விதியை இவ்வளவு சுருக்கமாக அவர்கள் கேட்டதில்லை.

ஐந்தாவது வாரம் செவ்வாய்க்கிழமை, இன்னும் ஒன்பது நாள் பாக்கி. காலை பதினொரு மணி வாக்கில் சுவரிலிருந்து ஒரு பூச்சுப் பாளம் அவள் தலைமாட்டில் விழுந்தது. கொத்தனார் தூக்குக்குண்டைத் தேடவில்லை. வெறும் கண்ணுக்கே தெரிந்தது. முன்னறையிலிருந்த சாரக் கட்டை ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

“கொத்தனாரே, கட்டை வேணாம்” என்று இருவரும் எழுந்துவிட்டார்கள். “முத்திரை வெச்சிருவாங்க. எங்க வேலையும் போயிரும்.”

கட்டையைப் போட்டார். போட்டுவிட்டு, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே இருந்த ஒண்டு இடத்தில் பக்கவாட்டில் நுழைந்து, முதுகைச் சுவரில் கொடுத்து, குதிகாலைத் தரைக்கல்லின் விளிம்பில் ஊன்றி நின்றார். சுவரின் பாரம் மெல்ல வந்து தோளில் உட்கார்ந்தது. மூட்டை சுமந்து பழகிய உடம்பு. எங்கே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று அதற்குத் தெரியும்.

சுவர் நின்றது.

கண்காணிப்பாளர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். புத்தகத்தில் இதற்குக் கட்டம் இல்லை. கட்டையென்றால் கட்டை. இது ஆள். மணி பதினொன்று பத்து என்று குறித்து, ‘சுவரோடு சேர்ந்து ஓர் ஆண் நிற்கிறார்’ என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆணையத்துக்கு விளக்கம் கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

விளக்கம் வர நாலு மணியாயிற்று. அதுவரை அவர் நின்றார். அவள் கையெட்டும் தூரத்தில் இருந்ததால் தண்ணீர்க் குவளையை அவர் வாயருகே நீட்டினாள். பாதி சட்டையில் சிந்தியது.

“கல்யாணத்துல சொன்னாங்க, சுவரு மாதிரி நிப்பான் மாப்பிள்ளைன்னு” என்றாள். “இப்படின்னு நெனைக்கல.”

“பேசாம இரு. சிரிச்சா முதுகு நழுவுது.”

பள்ளத்துக்காரர் விளக்கத்தைப் படித்தார். எழுந்து நின்றுதான் படித்தார்.

“‘மனிதன் கட்டுமானப் பொருள் அல்ல. ஆகவே அவர் சாய்ந்து நிற்பது கட்டுமானம் ஆகாது. இதில் ஆட்சேபணை இல்லை. எனினும், பதினொன்று பத்துக்கு இரு தரப்பும் கையெழுத்திட்ட குறிப்பில் அவர் சுவரோடு சேர்ந்தே பதிவாகியிருப்பதால், இனி அதுவே இருக்கும் நிலை. அடுத்த விசாரணைவரை அந்நிலையில் எந்த மாற்றமும் கூடாது.’ கீழ தலைவர் தன் கையாலேயே எழுதியிருக்காரு: ‘கொத்தனாருக்கு என் தனிப்பட்ட பாராட்டுகள்.’”

“அடுத்த விசாரணை எப்பங்க?”

“மழை நின்னப்புறம். ரெண்டரை மாசம் ஆகலாம்.”

கொத்தனார் குதிகாலை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஊன்றிக்கொண்டார்.

ஐந்து மணிக்குக் கண்காணிப்பாளர்கள் நாற்காலியை மடக்கினார்கள்.

“சார், ஒரு உதவி” என்றார். “அரை மணி நேரம் யாராச்சும் ஒருத்தர் முதுகு குடுங்க. நான் இவளை...”

“கொத்தனாரே, நாங்க குடுக்க மாட்டோம்னா சொல்றோம்?” என்றார் மேட்டுக்காரர். நிஜமாகவே வருத்தம் இருந்தது அந்தக் குரலில். “நான் சாய்ஞ்சா மேட்டு நகரமே சாய்ஞ்ச மாதிரி ஆயிடும். இவர் சும்மா இருப்பாரா?”

“எப்படிச் சும்மா இருக்கறது?” என்றார் பள்ளத்துக்காரர், அதே வருத்தத்தோடு. “நாளைக்குப் பத்து மணிக்கு வர்றோம். அப்படியே இருங்க.”

கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்கள். அதிர்ச்சி ஆகாதென்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

மழை விடவில்லை. கட்டிலிலிருந்து அவள் கேட்டாள்.

“எவ்ளோ நேரம் தாங்குவே?”

“தாங்குவேன்.”

“பொய் சொல்லாதே. ஒங்கால் ஆடுறது கட்டில்ல தெரியுது.”

“ஒன்பது நாளுதானே.”

“ஒன்பது நாளா” என்றாள். பிறகு முழங்கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, காலிலிருந்த கயிற்று முடிச்சைப் பற்றினாள்.

“ஏய். என்ன பண்றே? கையெடு அதுலேருந்து.”

“நீ போட்ட முடிச்சுதானே. சனியன், அவுக்க வருதா பாரு.”

“எலும்பு ஏறிக்கும்டி. டாக்டர் என்ன சொன்னாரு? ஆயுசுக்கும் கால் குட்டைன்னு சொன்னாரா இல்லையா? நான் நிக்கறேன். நான் நிக்கறேன்னு சொல்றேன்ல.”

“நின்னு? சுவரும் வுழுந்து நீயும் போனா, நேரா இருக்கற காலை வெச்சுக்கிட்டு நான் எங்க நடக்கறது?”

முடிச்சு அவிழ்ந்தது. இரண்டு செங்கல்லும் தரையில் விழுந்தன. அவள் துணியை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். கட்டிலின் மறுபக்க விளிம்புக்கு உருண்டு, கைகளைத் தரையில் ஊன்றி, இடுப்பை இழுத்தாள். கால் கடைசியாக வந்தது. அது அவளுடையதல்ல என்பதுபோல வந்தது. நிலைப்படியைத் தாண்ட அவளுக்கு வெகுநேரமானது. அவர் பார்த்துக்கொண்டே நின்றார். வேறெங்கும் பார்க்க முடியாதபடிதான் அவர் நின்றிருந்தார்.

முன்னறையின் வாசல்வரை போனபிறகு அவள் குரல் வந்தது. “ம். விடு.”

அவர் விட்டார். கட்டிலைத் தாண்டி நிலைப்படிக்குப் பாய்ந்தபோது முதுகுக்குப் பின்னால் சுவர் வந்தது. செங்கல், மண், கூரையின் ஒரு பக்கம், எல்லாம் கட்டில்மேல். இரும்புக் கட்டில் நடுவில் மடிந்தது.

சத்தம் கேட்டு, தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்த கண்காணிப்பாளர்கள் ஓடிவந்தார்கள். வேலை நேரம் முடிந்திருந்தும் வந்தார்கள். அதைப் பின்னால் நற்பணியாகக் குறித்துக்கொண்டார்கள். குடையை இடுக்கிக்கொண்டு குவியலைப் பார்த்தார்கள். பழக்கத்தில் குச்சியையும் அளவுகோலையும் எடுத்தார்கள். நீட்டுவதற்கு இடம் எதுவும் இல்லை. ஒருவர் புத்தகத்தில் எழுதினார். மற்றவரும் எழுதினார். மாற்றிப் படித்தபோது இருவர் புத்தகத்திலும் ஒரே வரி இருந்தது: ‘முப்பத்தெட்டாம் எண் வெடிப்பு: தற்போது இல்லை.’

நூற்றுப் பன்னிரண்டு வருஷத்தில் இரண்டு நகரமும் ஒத்துக்கொண்ட முதல் அளவு அது. மறுக்க ஒன்றுமில்லாமல் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். போடும்போது பள்ளத்துக்காரர் கை கூசியது.

“செங்கல்லை ஒதுக்கலாமா?” என்று கொத்தனார் கேட்டார்.

“ஐயோ, தொட்டுடாதீங்க. இப்ப இதுதான் இருக்கும் நிலை.”

அவர் தொடவில்லை. வாசலில் கிடந்தவளிடம் குனிந்தார். அவள் தொடை ஒரு பக்கமாக வீங்கி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. முகத்தில் மழையா வியர்வையா என்று தெரியவில்லை. அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்தார். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எழுந்தபோது பாரம் இரண்டு பேருக்கும் வலித்தது.

“எங்கய்யா போறோம்?” என்றாள் காதருகே.

தெருவுக்கு இரண்டு கோடி இருந்தது. ஒன்று மேட்டில் ஏறி ஓர் ஆஸ்பத்திரிக்குப் போகும். ஒன்று பள்ளத்தில் இறங்கி இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போகும். கொத்தனார் நடுத்தெருவில் நின்றார். பின்னால் கண்காணிப்பாளர்கள் இருவரும் புத்தகத்தில் புதுப் பக்கம் புரட்டி, அவர் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று எழுதிக்கொள்ள, குடைக்குள் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.